தாரணிக்கு மட்டும் இரண்டு சொட்டு

மைசூர்
14-12-1996

பிரியாக்கண்ணு,

இதை ரிப்போர்ட் கவருக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன். கவரைப் பிரித்ததும் முதலில் ரிப்போர்ட்டைத்தான் பார்த்திருப்பாய். பார்த்தாயிற்றா? இனி மூச்சு விட்டுக்கொண்டு இதைப் படி.

உன் மகளுக்கு டி.எஸ்.எச். 4.2. நார்மல். தைராய்டு சுரக்காத குழந்தை என்றால், அதைத் தூண்டும் ஹார்மோனின் இந்த எண் ஐம்பது, நூறு என்று ஏறி நின்றிருக்கும். பிறந்து மூன்று வாரமாகியும் மஞ்சள் காமாலை தெளியவில்லை என்று உன் கிளினிக் ஆண்டாள் டாக்டர் சந்தேகப்பட்டுக் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. மச்சானிடமும் சொல்லிவிடு, மனிதர் குண்டலுபேட்டை மண்டியில் உட்கார்ந்துகொண்டு கவலைப்பட வேண்டாம்.

புது மெஷின் எப்படி என்று போன தடவை நீ ரத்தம் எடுத்து அனுப்பும் சாம்பிள் டப்பாவில் சீட்டு வைத்துக் கேட்டிருந்தாய். ஜூலையில் வந்தது. பழைய முறையில் கதிரியக்கத்தை எண்ணினோம், கையில் உறை, மார்பில் பேட்ஜ், ஆயிரம் கெடுபிடி. இதில் அதெல்லாம் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளோடு ஒரு என்சைமைக் கட்டி அனுப்புகிறோம். அந்த என்சைம் பட்டால் கரைசல் ஒளி விடும். மின்மினிப் பூச்சி மாதிரிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு. துளி வெளிச்சம் புகாத பெட்டிக்குள் மெஷின் அதை அளக்கும். ஒளி கூடினால் ஹார்மோன் அதிகம், குறைந்தால் குறைவு. கெமிலூமினசென்ஸ் என்று பேர். நாங்கள் லூமி என்கிறோம், வீட்டுக்கு வந்த மருமகள் போலத் தாங்குகிறோம்.

ஒரு வேடிக்கை. ஹனூர்ப் பக்கத்து சாம்பிள்களில் எல்லாருக்குமே டி.எஸ்.எச். குறைவாகத்தான் வருகிறது. உங்கள் ஊர்த் தண்ணீரை பாட்டிலில் அடைத்து இங்கே விற்கலாம் போலிருக்கிறது.

காது குத்துக்கு நாள் பார்த்துச் சொல். தாய்மாமன் மடி தயாராக இருக்கிறது.

அண்ணன்
லிங்கப்பன்


கௌதள்ளி
2-1-1997

அண்ணாவுக்கு,

உங்கள் கவர் கிளினிக்குக்கு வந்தபோது நான் பிரிக்கவில்லை. ஆண்டாள் டாக்டர்தான் பிரித்துப் பார்த்தார். "பிரியா, ஒண்ணும் இல்லை, போய்க் குழந்தைக்குப் பால் குடு" என்றார். பஸ்ஸில் ஹனூரிலிருந்து கௌதள்ளி வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பேர் வைத்துவிட்டோம். தாரணி. என் மாமியாருக்கு ஒரே பெருமை. தெருவில் எல்லாரிடமும், "எங்க பேத்தி அழுவவே மாட்டாளுங்க, போட்ட எடத்துல கெடப்பா, சாமி புள்ளைங்க" என்கிறார். அவர் வாயிலிருந்து ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை வருவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும். பாலுக்குக்கூட எழுப்பித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது. பஸ்ஸில் வரும் ரத்தம் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு சொட்டு சோடியம் அசைடு விடச் சொல்லி நீங்கள்தானே 93இல் கற்றுக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து ஒரு ட்யூப்புக்குக்கூட விடாமல் இருந்ததில்லை. நம் தாரணி ரத்தம் எடுத்த அன்று கொள்ளேகால் பஸ் வரவே இல்லை, வெயிலில் டப்பாவோடு நின்றேன். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. மறுபடி உள்ளே போய் அவளுடைய ட்யூப்பில் மட்டும் இன்னொரு சொட்டு விட்டேன். ஊரார் பிள்ளைக்கு ஒன்று, என் பிள்ளைக்கு இரண்டு. பெற்றவள் புத்தி.

காது குத்து வைகாசியில் வைக்கலாம் என்கிறார்கள். லீவு சொல்லி வையுங்கள்.

பிரியா


கௌதள்ளி
19-6-1997

அண்ணாவுக்கு,

வைகாசி போய்விட்டது. நீங்கள் வரவில்லை. லேபில் ஆள் இல்லை என்று ஒரு வரி. தாய்மாமன் இல்லாமல் காது குத்தக் கூடாது என்று மாமியார் நிறுத்திவிட்டார். ஆசாரியைத் திருப்பி அனுப்பினோம். எனக்குக் கோபம் இருக்கிறது. அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

தாரணிக்கு ஏழு மாதம் முடிகிறது. கழுத்து நிற்கவில்லை. நாக்கு எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. தொப்புள் பிதுங்கி நிற்கிறது. தோல் ஜில்லென்று இருக்கிறது. நான்கு நாளுக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறாள். எப்போதாவது அழுதால் தொண்டை கட்டிய கிழவர் குரல். கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே ஆட்டினால் நிதானமாகப் பார்க்கிறாள், அப்புறம் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ஆண்டாள் டாக்டர் அவளை மேஜையில் படுக்க வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "புத்தகத்துல தைராய்டுன்னு போட்டிருக்கிறது அப்படியே இவகிட்ட இருக்கு, ஆனா உங்கண்ணா ரிப்போர்ட் நார்மல்ன்னு சொல்றதே" என்றார். பிறகு, தைராய்டு இல்லை என்று ஆனபிறகு வேறு இடத்தில்தான் தேட வேண்டும் என்று தலைக்கு ஸ்கேன் எடுக்க எழுதினார். எடுத்தோம். அதில் ஒன்றும் இல்லை. மலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு முடி காணிக்கையும் கொடுத்துவிட்டு வந்தோம். சாமி புள்ளை என்ற பேச்சை மாமியார் விட்டுவிட்டார். இப்போது என் பக்கத்து வம்சத்தில் யாராவது இப்படி இருந்தார்களா என்று கேட்கிறார்.

மறுபடி ஒரு தடவை டி.எஸ்.எச். பார்க்கலாமா? முதலில் வந்ததை நம்பாமல் இல்லை. நீங்கள் பார்த்தது என்பதால்தான் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பிரியா


மைசூர்
27-6-1997

பிரியாக்கண்ணு,

ஒரே டெஸ்டை இரண்டு தடவை பார்த்தால் எண் மாறிவிடாது. மூன்றாவது வாரத்தில் நார்மலாக இருந்த தைராய்டு ஏழாவது மாதத்தில் ஓடிப்போகாது. வேலை தெரிந்த நீயே இப்படிக் கேட்டால் மற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? சில குழந்தைகளுக்குக் கழுத்து நிற்கத் தாமதமாகும். நான்கூட மூன்று வயதுவரை பேசவில்லை என்று அம்மா சொல்வாள். இப்போது பேசுவது போதாதா?

காது குத்துக்கு வராதது என் தப்பு. இந்த மெஷினை வேறு யார் கையிலும் விட மனசில்லை. கார்த்திகையில் கட்டாயம் வருகிறேன்.

அண்ணன்


மைசூர்
20-8-1997

பிரியா,

இது கையில் கிடைத்ததும் தாரணியை அழைத்துக்கொண்டு புறப்படு. மச்சான் வரும்வரை காத்திருக்காதே. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். ரத்தம் இங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம், நீ எடுத்து அனுப்ப வேண்டாம். ஏன் என்று நேரில் சொல்கிறேன்.

இன்னொன்று. இனி எந்த ட்யூப்பிலும் அந்தச் சொட்டு விட வேண்டாம். கிட் கம்பெனிக்காரர்கள் புதிதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிலைக் கொட்டிவிடு.

லிங்கப்பன்


கௌதள்ளி
15-9-1997

அண்ணாவுக்கு,

மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் காலையில் பொடித்துப் பாலில் கரைத்து ஸ்பூனில் ஊற்றுகிறேன். நம்புவீர்களா, கைகால் சூடாகிவிட்டது. தினமும் வெளிக்குப் போகிறாள். நேற்று முதல்முறையாகப் பசிக்கு அழுதாள். மாமியார் ஓடிவந்து, "ஏனுங், புள்ளைக்கு என்னாச்சு?" என்று பதறினார். ஒன்றும் ஆகவில்லை, பசிக்கிறது என்றேன். சொல்லிவிட்டு நானும் அழுதேன்.

நூறுக்கு மேலே, மெஷின் அளக்க முடியாத அளவுக்கு என்று வந்ததே, அதை இன்னும் நினைக்க முடியவில்லை. டிசம்பரில் அந்த நாலு புள்ளி இரண்டு எங்கிருந்து வந்தது? நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள், நேரில் என் முகத்தையே பார்க்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது "மெஷின்ல ஏதோ கோளாறு" என்றீர்கள். அந்த மருமகளை அவ்வளவு தாங்கினீர்களே.

அங்கே பார்த்த பெரிய டாக்டர், "ஸ்வல்ப தட ஆயித்தம்மா" என்றார். கொஞ்சம்தான் தாமதம் என்றுதானே அர்த்தம்? கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். உட்காருவாள், நடப்பாள், அது வரும் என்று எனக்கே தெரிகிறது. பள்ளிக்கூடம் போவாளா? என்னை அம்மா என்று கூப்பிடுவாளா?

பிரியா


மைசூர்
8-10-1997

பிரியா,

கேட்டேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், உன்னிடம் அப்படி எழுதினால்தான் நம்புவாய்.

நடப்பாள். கூப்பிடுவாள், தாமதமாக. பள்ளிக்கூடம் சந்தேகம். பிறந்த முதல் இரண்டு மூன்று மாதம் மூளை வளர்வதற்கு தைராய்டு ஹார்மோன் வேண்டும். அப்போது இல்லாமல் போனதைப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் ஈடு செய்ய முடியாது. உடம்பு தேறும். மற்றது தேறாது. அந்த டாக்டர் ஸ்வல்ப என்று சொன்னது உன் முகத்தைப் பார்த்து.

டிசம்பரில் நடந்ததற்கு மெஷின் காரணம் இல்லை. நான்தான். அன்று இரண்டு ட்யூப்களை இடம் மாற்றி வைத்துவிட்டேன். யாரோ ஒரு நல்ல குழந்தையின் எண் தாரணி பேரில் போய்விட்டது. முன்பே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. நீ என்னைத் திட்டு. மச்சானிடமும் உன் மாமியாரிடமும் என் பேரைச் சொல். உன் வம்சம், உன் வயிறு என்று ஒருத்தரும் பேச வேண்டாம். கைத்தவறு, என் கைத்தவறு.

லிங்கப்பன்


கௌதள்ளி
12-11-1997

அண்ணாவுக்கு,

இதோடு டப்பாவில் ஒரு ட்யூப் வருகிறது. ஹனூர் போகும் வழியில் இருக்கும் சித்தம்மாவின் பெண் குழந்தை, ஐந்து மாதம். சொட்டு விடவில்லை. இன்றைக்கே பாருங்கள். மீதியை அதற்கப்புறம் படியுங்கள்.

ட்யூப் மாறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாதமாக உங்களைத் திட்டினேன், உங்கள் விருப்பப்படியே. ஆனால் என் மனசு ஒரு இடத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. மாறியிருந்தால் தாரணியின் நூறு யாரோ ஒரு குழந்தை பேரில் போயிருக்க வேண்டும். அந்தக் குழந்தையை யாராவது கூப்பிட்டு மறுபடி பார்த்திருப்பார்கள், அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். அப்படி ஒரு குழந்தையே இல்லையே.

போன வாரம் நஞ்சம்மா டீச்சர் கிளினிக்குக்கு வந்தார். முகம் வீங்கி, குரல் கட்டி இருந்தவர், இப்போது பாதி ஆளாக இளைத்து வந்து நிற்கிறார். "இங்கிருந்து அனுப்பினப்போ மூணுன்னு வந்துதுங்க. ஆடி கடைசியில மைசூருக்கு மக வீட்டுக்குப் போனேன், உங்கண்ணன் லேபுல நேரா குடுத்தேன், அறுபதுன்னுட்டாங்க. அவரு வெளிய வந்து ஏனுங்கம்மா, அங்க ரத்தம் எடுக்கறப்போ ட்யூப்ல ஏதாச்சும் விட்டாங்களான்னு கேட்டாரு. ஒரு சொட்டு என்னமோ விட்டாளுங்க, எப்பவும் விடுவாளேன்னு சொன்னேன். அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாரு பாவம்" என்றார்.

அதற்கு நாலைந்து நாளில்தான் நீங்கள் எனக்கு எழுதியது. தாரணியைக் கொண்டு வா, சொட்டு விடாதே, இரண்டும் ஒரே காகிதத்தில்.

எனக்கு விளங்கிவிட்டது. பழைய முறைக்கு அசைடு ஒன்றும் செய்யாது. உங்கள் ஒளி விடும் என்சைமை அது கொன்றுவிடும். நூறு இருந்தாலும் ஒளி வராது, நாலு என்று காட்டும். ஹனூர்த் தண்ணீரை பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று எழுதினீர்களே, அது இதுதான். ஊரார் பிள்ளைக்கு ஒன்று, என் பிள்ளைக்கு இரண்டு. நான் எழுதிய வரி உங்களிடம் இருக்கும். என்னிடம் மனசிலேயே இருக்கிறது.

எனக்கு வலிக்கக் கூடாது என்று பொய் சொன்னீர்கள். அதற்காக உங்கள் காலைத் தொட்டிருப்பேன். ஆனால் நஞ்சம்மா போன பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். லூமி வந்ததிலிருந்து நீங்கள் எழுதியது வரைக்கும் பதினோரு கைக்குழந்தைகளின் ரத்தம் என் கையால் சொட்டு விட்டு அனுப்பியிருக்கிறேன். பதினொன்றும் நார்மல். அவர்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி நீங்கள் ஏன் எழுதவில்லை? எழுதினால் எனக்குக் காரணம் தெரிந்துவிடும், அதனால்தானே?

ஒரு வாரமாக வீடு வீடாகப் போகிறேன். ஒன்பது குழந்தைகள் நன்றாக இருக்கின்றன, ஓடுகின்றன, கடிக்கின்றன. தாரணியைத் தவிர மிச்சம் ஒன்று. சித்தம்மா குடிசையில் அந்தக் குழந்தை பாயில் கிடந்தது. நாக்கு வெளியே. "அழுவவே மாட்டாளுங்க, நல்ல புள்ளை" என்றாள் சித்தம்மா.

ஆகஸ்ட் இருபதில் அதற்கு இரண்டரை மாதம். அன்றே மாத்திரை கொடுத்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். உங்கள் பொய்க்கு எண்பத்து நான்கு நாள் ஆயிற்று.

மோகனப்ரியா


மைசூர்
13-11-1997

பிரியா,

நூறுக்கு மேல். இரண்டு தடவை பார்த்தேன். ஆண்டாள் டாக்டருக்கும் போனில் சொல்லிவிட்டேன். இன்றே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும்.

கிட் பெட்டிக்குள் ஒரு காகிதம் வரும். அசைடு கலந்த சாம்பிளைப் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் நான்காவது பக்கத்தில் இருக்கிறது. ஜூலை 96இலிருந்து ஒவ்வொரு பெட்டியிலும் இருந்திருக்கிறது. நான் முதல் இரண்டு பக்கம்தான் படித்தேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஜூனில் நீ மறுபடி பார்க்கலாமா என்று கேட்டாய், அப்போதும் கேலி செய்து எழுதினேன். நஞ்சம்மா போன பிறகு என் ரத்தத்தையே எடுத்து இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் சொட்டு விட்டேன். அதில் ஒளி மங்கிவிட்டது. இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். மெஷினுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நீ விட்ட சொட்டு நான் சொல்லிக் கொடுத்தது. விடாதே என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். அது உன் தலையில் விழக் கூடாது என்று ஒன்றைத்தான் நினைத்தேன். மற்றக் குழந்தைகளைப் பற்றி நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்தேன். பதினொன்றில் இன்னொன்று இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்தம்மாவிடம் நான் வந்து சொல்லட்டுமா?

லிங்கப்பன்


கௌதள்ளி
25-1-1998

அண்ணாவுக்கு,

சித்தம்மாவிடம் நானே அப்போதே சொல்லிவிட்டேன். சொட்டு, மெஷின், உங்கள் கடிதம், எல்லாம். அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன். நன்றாகப் புரிந்தது. "உங்க புள்ளைக்கு ஆவணி மொதல்லயே தெரிஞ்சுது. எம்புள்ளைக்கு ஐப்பசிக் கடைசியில வந்தீங்க. நடுவுல இந்த வழியா எத்தன தடவ பஸ்ஸுல போயிருப்பீங்க, இல்லீங்களா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து மாத்திரையை வாங்கிக்கொள்கிறாள், என் கையால் அல்ல. ஆண்டாள் டாக்டர் கொடுத்தால்தான்.

மாமியாரிடமும் சொன்னேன். நான்காம் நாள் தாரணியின் மாத்திரையை அவரே பொடித்து வைத்திருந்தார். என் வீட்டுக்காரர், குண்டலுபேட்டையிலிருந்து வாரம் ஒரு தடவை வருகிறவர் இப்போது மாதம் ஒரு தடவை வருகிறார்.

கார்த்திகையில் வருகிறேன் என்றீர்கள். நான் வர வேண்டாம் என்று சொல்லாமலேயே நீங்கள் வரவில்லை. அதற்கு நன்றி. தாரணிக்கு நேற்று காது குத்தினோம். பதினான்கு மாதம், இப்போதுதான் சுவரில் சாய்த்தால் உட்காருகிறாள். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "தாய்மாமன் எங்கீங்க?" என்று கேட்டார். நானே மடியில் வைத்துக்கொண்டேன். ஊசி போனதும் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள், வலி அவளிடம் வந்து சேரவே நேரம் பிடிக்கிறது. அப்புறம் வீறிட்டு அழுதாள். எல்லாரும் சர்க்கரையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் வாங்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதோடு வருவது தாரணி ரத்தம். மாத்திரை அளவு சரியா என்று ஆண்டாள் டாக்டர் பார்க்கச் சொன்னார். சொட்டு விடவில்லை.

எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

மோகனப்ரியா


மைசூர்
28-1-1998

தாரணி. பெண். 14 மாதம்.
டி.எஸ்.எச். 2.6.
நார்மல்.